தட்டாமல் வருகிறவர்

வாசல் கதவு திறந்து கிடந்தது.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த ஆனிமேரி படலைத் தள்ளும்போதே அதைப் பார்த்துவிட்டாள். ஐப்பசி மழை காலையிலிருந்து விட்டுவிட்டுப் பெய்து அப்போதுதான் ஓய்ந்திருந்தது. வைகையில் வந்த புதுத்தண்ணீரின் சேற்று வாடை கோச்சடைத் தென்னந்தோப்புகளைத் தாண்டி வீடு வரைக்கும் ஏறி வந்திருந்தது. விளக்கு வைக்கிற நேரம் ஆகவில்லை என்றாலும், மேகம் கவிந்ததில் வீட்டுக்குள் இருட்டு முன்பே குடிவந்திருந்தது. அந்த இருட்டுக்கு முன்னால் இரண்டு கதவுகளும் சுவரோடு ஒட்டும்படி விரியத் திறந்திருந்தன, யாரோ முக்கியமானவர் வரப்போகிற வீட்டில் திறந்து வைப்பதைப் போல.

காலையில் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள். "நான் வந்து பேரச் சொல்லிக் கூப்பிட்டாலொழிய தாழ்ப்பாளத் தொடக்கூடாது ஜெயக்கொடி. தபால்காரர் வந்தாலும் சரி, சாமியாரே வந்தாலும் சரி." ஜெயக்கொடியும் தலையை ஆட்டியிருந்தாள்.

கண்டுபிடித்துவிட்டான், வந்து இழுத்துக்கொண்டு போய்விட்டான் என்றுதான் ஆனிமேரிக்கு முதலில் தோன்றியது. ரோட்டைத் திரும்பிப் பார்த்தாள். சைக்கிளில் ஒருவர் பால் கேனோடு போய்க்கொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை. செருப்பைக் கழற்றாமலே உள்ளே கால் வைத்தாள்.

கதவை ஒட்டிச் சுவரில் முதுகு பதிய ஜெயக்கொடி நின்றிருந்தாள். தலை குனிந்திருந்தது. இரண்டு கைகளாலும் ஒரு செம்பு நிறையத் தண்ணீரை ஏந்தியிருந்தாள்.

"யாரு வந்தா?"

"யாரும் வரல டீச்சர்."

"பின்ன எதுக்குக் கதவத் தெறந்த?"

ஜெயக்கொடி செம்பையே பார்த்தாள். தண்ணீர் விளிம்பில் நடுங்கியது. "தெரியல டீச்சர். கை தெறந்துருச்சு."

ஆனிமேரி தையல் டீச்சர். கல்யாணம் ஆகவில்லை. அப்பா விட்டுப்போன ஓட்டு வீட்டில், அவர் போன பிறகு தனியாகவே இருந்தாள். ஆசீர்வாதம் என்று ஒருவர், மிஷன் ஆஸ்பத்திரி ஜீப் ஓட்டுகிறவர், அவளோடு ஒரே கோயிலுக்கு வருகிறவர். பேரையூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்கு ஜீப் மருந்து கொண்டு போகும். கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன், மாடு முட்டிவிட்டது என்று சொல்லிக் கட்டுப்போட வருகிற பெண்களில் யாராவது ஒருத்தி, நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பியதும் அவரிடம் வந்து, "என்னய எங்கயாச்சும் கொண்டுபோய் விட்ருங்கண்ணே" என்பாள். அவர் கொண்டுவந்து விடுகிற இடம் ஆனிமேரியின் வீடு. காயம் ஆறும் வரை வைத்திருந்து, திருச்சியில் சிஸ்டர்கள் நடத்துகிற இல்லத்துக்கு ரயிலேற்றி விடுவாள். தேடி வந்த புருஷன்மார்களில் ஒருவனைத் தையல் கத்திரியைக் காட்டி விரட்டியதும் உண்டு.

ஆசீர்வாதம் இதைப் புண்ணியம் என்பார். ஆனிமேரி பதில் சொல்வதில்லை. பக்கத்து அறையில் இன்னொரு உடம்பு புரண்டு படுக்கிற சத்தம், தன் கை படாமல் அடுப்படியில் பாத்திரம் உருளுகிற சத்தம், இவற்றுக்காகவும்தான் என்று யாரிடம் சொல்ல முடியும்? ஒருத்தி ரயிலேறிப் போன அன்றைக்கு வீடு தூர்ந்த கிணறு மாதிரி ஆகிவிடும்.

ஜெயக்கொடி வந்த அன்று ரவிக்கையைக் கழற்றி மருந்து போட்டவள் ஆனிமேரிதான். முதுகில் கோடுகோடாக விழுந்திருந்த காயங்கள் இன்னும் கசிந்துகொண்டிருந்தன. மணிக்கட்டில் ஐந்து விரல்களும் நீலமாகப் பதிந்திருந்தன. புருஷன் பெயர் காசிமாயன். கரட்டு நிலத்தில் கிணறு வெட்டுகிறவன், பாறைக்கு வெடி வைக்கிறவன். அதற்கு மேல் அவள் எதுவும் சொல்லவில்லை. ஆனிமேரியும் கேட்பதில்லை.

கதவு திறந்து கிடந்த அன்று சாப்பிடும்போது ஜெயக்கொடி தானாகவே பேசினாள்.

"அவரு கதவத் தட்ட மாட்டாரு டீச்சர். கூப்பிடவும் மாட்டாரு. வெளிய வந்து நிப்பாரு. நாந்தான் தெரிஞ்சுக்கிட்டுத் தெறக்கணும். தெறந்துட்டு ஒதுங்கி நிக்கணும்."

"தெரியலைன்னா?"

ஜெயக்கொடி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "மொத வருசம் தெரியல. அப்புறம் தெரிஞ்சுச்சு."

"எப்படி?"

"முதுகு சொல்லும்."

"இங்க அவன் வர மாட்டான். வந்தாலும் நான் இருக்கேன்ல?"

'அவன்' என்ற சொல்லுக்கு ஜெயக்கொடியின் தோள்கள் ஒடுங்கின. யாருக்கோ கேட்டுவிடும் என்பதுபோல் கதவுப் பக்கம் பார்த்தாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஆனிமேரி கதவின் உட்புறம் பூட்டைப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். இருவரும் அடுப்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவினார்கள். வெளியே வாய்க்காலிலும் ரோட்டோரப் பள்ளங்களிலும் தவளைகள் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தன. மழை விட்ட பிறகும் ஓட்டுச் சரிவிலிருந்து சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர், கீழே கவிழ்த்து வைத்திருந்த அலுமினியப் பானையில் ஒரே சீராக விழுந்தது. நெத்திலிக் குழம்பு கொதிக்கிற வாசனையில் வீடு கொஞ்ச நேரம் வீடாக இருந்தது. ஜெயக்கொடி தன் ஊர்ப் பொங்கலைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தவள், பாதி வார்த்தையில் நின்றாள்.

ரோட்டோரத் தவளைகள் அடங்கின. பிறகு படலுக்கு அருகில் இருந்தவை. பிறகு முற்றத்துப் பள்ளத்தில் இருந்தவை. ஒரு ஆள் நடந்து வருகிற வேகத்தில், வெளியிலிருந்து வாசலை நோக்கி, சத்தம் அவிந்துகொண்டே வந்தது.

ஜெயக்கொடி எழுந்தாள். கண் திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. நேராகப் போய்ப் பூட்டைப் பிடித்து இழுத்தாள். ஆனிமேரி அவளை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். மெலிந்த அந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. கதவுப் பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. கீழ்ச்சந்து வழியாக வாடை மட்டும் வந்தது. வெடிமருந்தின் கந்தக நெடி. அதனடியில் உடைந்த கல்லின் ஈரம்.

வெகுநேரம் கழித்து ஒரு தவளை கத்தியது. ஜெயக்கொடி அப்படியே தரையில் சரிந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் ஆசீர்வாதம் வந்தார். உள்ளே வராமல் முற்றத்திலேயே நின்றுகொண்டு, ஆனிமேரியைக் கைகாட்டி அழைத்தார்.

"டீச்சர், இனிமே பயமில்ல. அந்தக் காசிமாயன் செத்துப் போயிட்டானாம். நேத்துப் பேரையூர்ல டீக்கடையில சொன்னாக. கெணத்துல வெடியப் பத்த வச்சுட்டு மேல ஏறி வாரதுக்குள்ள வெடிச்சிருச்சாம்."

ஆனிமேரி தன்னையறியாமல் சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். "எப்ப அண்ணே? இந்த வாரமா?"

ஆசீர்வாதம் துண்டால் முகத்தைத் துடைத்தார். "அதான் டீச்சர் எனக்கும் புரியல. ஆடி மாசமாம். நான் வெசாரிச்ச வரைக்கும் எல்லாரும் அப்படித்தான் சொல்றாக."

ஜெயக்கொடி ஜீப்பில் வந்து இறங்கியது ஐப்பசி பிறந்து. கசிந்துகொண்டிருந்த முதுகு ஆனிமேரியின் விரல் நுனிகளில் திரும்பவும் பிசுபிசுத்தது. வேறு யாராவது அடித்திருப்பார்களோ? கொழுந்தன், மாமனார்? அவர்கள் யாரும் அந்த வீட்டில் இல்லை என்றார் ஆசீர்வாதம். அவர் போன பிறகு ஆனிமேரி அடுப்படிக்கு வந்தாள். ஜெயக்கொடிக்கு எல்லாம் கேட்டிருந்தது. அரிவாள்மணையை மடக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

"ஆடி மாசம் செத்துட்டானா?"

"ஆமா டீச்சர்."

"அப்ப உன்னய அடிச்சது யாரு?"

"அவருதான்."

வெளியே வெயில் அடித்தது. ரோட்டில் ஐஸ்காரன் மணியடித்துக்கொண்டு போனான். அந்தப் பட்டப்பகலில் ஆனிமேரி போய் வாசல் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்தாள்.

"கருமாதி முடிஞ்சு சனமெல்லாம் போயிருச்சு டீச்சர். சாயங்காலம் ஒத்தையில உக்காந்திருந்தேன். முதுகு சொல்லுச்சு. பழக்கதோசத்துல எந்திரிச்சுப் போய்த் தெறந்துட்டேன். வெளிய ஒருத்தருமில்ல. மூடிட்டு வந்து படுத்தேன்." ஜெயக்கொடி மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். "நானேதான் உள்ள விட்டது. அதுக்கப்புறம் அவரு எங்கயும் போகல. நாந்தான் ஓடியாந்தேன். இப்ப இங்கயும் தேடி வந்துட்டாரு. அன்னைக்கு அவரு வாசப்படி ஏறுறதுக்குள்ள நீங்க வந்துட்டீக."

"என்கிட்ட ஏன் முன்னயே சொல்லல?"

"உசுரோட இருக்குறவன்கிட்ட இருந்து ஓடியாந்தவளுக்கே எடங்குடுக்க ஆளில்ல. செத்தவன்கிட்ட இருந்து ஓடியாந்தேன்னு சொன்னா யாரு டீச்சர் குடுப்பா?"

ஜெயக்கொடிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். தன்னைத்தானே அடித்துக்கொண்டாள் என்றும் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் முதுகின் நடுவில் அப்படி விழுகிற அடியைத் தன் கையால் யாரும் போட்டுக்கொள்ள முடியாது.

"திங்கக்கெழமை உன்ன ரயிலேத்தி விடுறேன்" என்றாள்.

"அங்க சிஸ்டருக ராத்திரி பூட்டிருவாகளா?"

"பெரிய கேட்டு. சாவி மதர்கிட்ட இருக்கும்."

"அப்ப நான் நெனச்சாலும் தெறக்க முடியாதுல்ல?" என்று கேட்ட ஜெயக்கொடியின் முகத்தில், அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து முதல்முறையாக, சிரிப்பு மாதிரி ஒன்று தெரிந்தது.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு ஆனிமேரி அவளை ஜங்ஷனுக்குக் கூட்டிப்போனாள். ரயில் நகர்வதற்கு முன் ஜன்னல் கம்பி வழியாக ஜெயக்கொடி அவள் கையைப் பற்றிக்கொண்டாள்.

"வீட்டுல தனியாவா டீச்சர் இருப்பீக?"

"இம்புட்டு வருசமும் தனியாத்தான இருந்தேன்."

ரயில் போன பிறகும் ஆனிமேரி பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தாள். வீட்டுக்குப் போவதைத் தள்ளிப்போட டவுன்ஹால் ரோட்டில் காரணமில்லாமல் நடந்தாள். நூல்கண்டு வாங்கினாள். காப்பி குடித்தாள். பஸ்ஸைவிட்டு இறங்கியபோது தூறல் தொடங்கியிருந்தது.

வீடு எப்போதும் போலத்தான் இருந்தது. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. ஜெயக்கொடி கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போன தட்டு. கொடியில் அவள் மறந்துவிட்ட ஒரு ஈரத்துணி. ஆனிமேரி கதவைத் தாழிட்டாள். பூட்ட நினைத்தாள், யாருக்காகப் பூட்டுவது என்று விட்டுவிட்டாள். அவன் தேடி வந்தவள் போய்விட்டாள். இனி இங்கே அவனுக்கென்ன வேலை?

செபமாலையை எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தபோது கரண்ட் போனது. மண்ணெண்ணெய் விளக்கைக் கொளுத்தினாள். தூறல் நின்றது. தவளைகள் தொடங்கின. கத்திக் கத்தி ஒரே இரைச்சலாகி, அந்த இரைச்சலே ஒரு துணையாகி, அவள் கண்ணயரப் போன சமயத்தில்—

ரோட்டோரம் அடங்கியது.

படல் அடங்கியது.

முற்றம்.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கதவு அசையவில்லை. ஒரு விரல்கூடப் பலகையில் படவில்லை. இருந்தும், அவளுடைய முதுகுத்தண்டின் நடுவே, இரண்டு தோள்பட்டைகளுக்கும் இடையில், குளிர்ந்த நாணயம் ஒன்றை வைத்து அழுத்தியது போல் இருந்தது.

வந்திருக்கிறான்.

திறக்கக்கூடாது. அது அவளுக்குத் தெரியும். மணிகளை உருட்டினாள். வாய் முணுமுணுத்தது, சொற்கள் வரவில்லை. வாசலுக்கு அந்தப் பக்கம் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். அவள் இருப்பது தெரிந்து நின்றுகொண்டிருந்தான். இத்தனை வருடத்தில் இந்த வீட்டு வாசலில் ஆனிமேரிக்காக என்று யாரும் வந்து நின்றதில்லை. அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? அவளுடையதா அது? உதறினாள். அது போகவில்லை.

திறந்து பார்த்துவிட்டால் போதும். ஒருவனும் இல்லையென்று தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் தூங்கலாம். படித்தவள்தானே. தையல் கத்திரியைக் காட்டி ஆம்பளையை விரட்டியவள்தானே.

எழுந்தாள். தாழ்ப்பாளை விலக்கினாள். இரண்டு கதவுகளையும் இழுத்துத் திறந்தாள்.

ஒருவனும் இல்லை.

ஈரமான முற்றம். சாத்திய படல். தென்னைகளுக்கு மேலே கொஞ்சம் நட்சத்திரம். ஆற்றுக்காற்று சில்லென்று முகத்தில் அடித்தது. ஆனிமேரிக்குச் சிரிப்பு வந்தது. சத்தமாகவே சிரித்தாள்.

அப்புறம்தான் கவனித்தாள். அவள் வாசல் நடுவில் நிற்கவில்லை. கதவைத் திறந்த கையோடு ஒதுங்கி, சுவரில் முதுகு பதிய, தலை குனிந்து நின்றுகொண்டிருந்தாள்.

வழி விட்டிருந்தாள்.

அவளுக்குப் பின்னால், வீட்டின் உள்ளே, நாற்காலி கிரீச்சிட்டது.

கார்த்திகை பிறந்ததும் ஆசீர்வாதம் பள்ளிக்கூட வாசலில் அவளைப் பார்த்து நல்ல சேதி சொன்னார். திருச்சிக்குப் போயிருந்தாராம். ஜெயக்கொடி தேறிவிட்டாள், இல்லத்து அடுப்படியை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள், கன்னத்தில் சதை போட்டிருக்கிறது. "நல்லாத் தூங்குறாளாம் டீச்சர். சாயங்காலமே படுத்துத் தூங்கிருறாளாம்."

"அது போதும்ணே" என்றாள் ஆனிமேரி. அது உண்மை. நாள்முழுதும் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் அவள் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"கையில என்ன டீச்சர் கட்டு?"

"பாத்ரூம்ல வழுக்கிருச்சுண்ணே."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவள் காதிலேயே விழுந்தது. ஆசீர்வாதம் எத்தனையோ பெண்களிடம் கேட்ட அதே பதில். அவர் ஒரு நொடி அவளையே பார்த்தார். ஆனால் தனியாக இருக்கிற டீச்சர் வழுக்கி விழுந்தேன் என்று சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்?

வீட்டைப் பூட்டிவிட்டு எங்காவது போய்விடலாம் என்று நினைக்காமல் இல்லை. திருச்சிக்கே போகலாம். ஆனால் அவள் போனால் அவரும் எழுந்து பின்னாலேயே வருவார். அங்கே ஒருத்தி தூங்கிக்கொண்டிருக்கிறாள். அவர் இங்கே இருக்கிற வரைக்கும் அவள் தூங்குவாள்.

'அவர்' என்று தான் நினைப்பதை ஆனிமேரி ஒருநாள் கவனித்தாள். எப்போது மாறியதென்று தெரியவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் எங்கும் நிற்காமல் வீட்டுக்கு வந்தாள். அடுப்படியில் சத்தம் எழாமல் பாத்திரத்தை வைக்கக் கற்றுக்கொண்டாள். பாட்டுப் பாடுவதை நிறுத்திக்கொண்டாள். விளக்கு வைக்கிற நேரத்தில் நாற்காலிப் பக்கம் பார்ப்பதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பூசை முடிந்து வந்து கொஞ்ச நேரத்தில், படல் திறக்கிற சத்தம் கேட்டது. மழைக்குப் பிறகான பளிச்சென்ற வெயில். ஆனிமேரி வாசற்படிக்கு வந்தாள். கையில் மஞ்சள் பையோடு ஒரு பெண் முற்றத்தில் நின்றாள். முப்பது வயதிருக்கும். மேலுதடு வீங்கிக் கிழிந்திருந்தது.

"டீச்சர் வீடு இதுதானங்க? எம் பேரு பாண்டியம்மாள். திருப்பரங்குன்றம். ஜீப்பு ஓட்டுற அண்ணே சொல்லி விட்டாரு. டீச்சர் தனியாத்தான் இருக்காக, பயப்படாமப் போன்னு சொன்னாரு."

உள்ளே வாம்மா என்பதுதான் ஆனிமேரி இந்தப் படியில் நின்று எப்போதும் சொல்கிற முதல் வார்த்தை. அது நாக்கு வரைக்கும் வந்தது.

பாண்டியம்மாள் ஒரு எட்டு எடுத்து வைத்தவள் நின்றாள். ஆனிமேரியின் தோளுக்கு மேலே வீட்டுக்குள் பார்த்தாள். அவசரமாக முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்தினாள். பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டாள்.

"கும்பிடுறேங்க" என்றாள், ஆனிமேரியிடம் அல்ல.

ஆனிமேரி திரும்பிப் பார்க்கவில்லை.

"நீ இங்க இருக்க வேணாம்மா." தன் குரல் இவ்வளவு தணிந்து எப்போது பழகியது? "ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போயிரு. அண்ணேகிட்டச் சொல்லு. இனிமே ஒருத்தரையும் இங்க அனுப்ப வேணாம்னு சொல்லு. ரயிலுக்கு அவரே ஏத்தி விடுவாரு. போ."

பாண்டியம்மாள் போகவில்லை. அவள் ஆனிமேரியின் கைக்கட்டைப் பார்த்தாள். கழுத்தோரம் பார்த்தாள். படி இறங்காமல் நின்ற அந்த நிற்பைப் பார்த்தாள். அடி வாங்கினவளுக்கு அதையெல்லாம் யாரும் விளக்கத் தேவையில்லை. பிறகு, உள்ளே இருப்பவருக்குக் கேட்காதபடி, மெதுவாகச் சொன்னாள்:

"நீங்களும் வந்துருங்க டீச்சர்."

கையை நீட்டினாள்.

நான்கு எட்டு தூரம் இருக்கும். வெயில் காய்ந்த முற்றம். திறந்த படல். அதற்கப்பால் பஸ் ஹாரன். ஆனிமேரியின் வலது கால் படியைவிட்டு எழுந்தது.

பாண்டியம்மாளின் கண்கள் நகர்ந்தன. ஆனிமேரியின் முகத்தைவிட்டு விலகி, வீட்டின் ஆழத்துக்குப் போய், அங்கிருந்து எதையோ தொடர்ந்து மெல்ல மெல்ல முன்னால் வந்து, ஆனிமேரியின் பிடரிக்கு அருகில் நின்றன. நீட்டிய கை அப்படியே அந்தரத்தில் உறைந்தது.

கொண்டை ஊசி ஒன்று சிமெண்டுப் படியில் விழுந்தது. பிறகு இன்னொன்று.

ஆனிமேரியின் கூந்தல் பொறுமையாக, ஒவ்வொரு சுற்றாக அவிழ்ந்தது. அவிழ்ந்த கூந்தல் முதுகில் விழவில்லை. அவளுக்குப் பின்னால் வீட்டின் இருட்டுக்குள் நேராக நீண்டு, விறைத்து நின்றது.